சிவப்பு நூல் கட்டிய வரிசை

என் கொழுந்தன் விதோயே ஞாயிற்றுக்கிழமை விடியலில் பூச்சிமருந்து அடிக்கிறவன். அதுவும் விரலை நக்கி மேலே தூக்கி, காற்று என் பக்கம் வீசுகிறதா என்று பார்த்துவிட்டு அடிக்கிறவன். ஸ்டமெங்காவாகிய நான் கோபத்தில் கூட்டிச் சொல்கிறேன் என்று ஊரில் சிலர் நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

மொராவிட்சா ஆற்றுக்கு மேலே இந்தச் சரிவு முழுக்க ராஸ்பெர்ரிதான். செர்பியாவின் இந்த மூலையில் ராஸ்பெர்ரி போடாதவன் ஒன்று பாதிரியார், இல்லாவிட்டால் பைத்தியம். எங்கள் பாதிரியாரும் நான்கு வரிசை போட்டிருக்கிறார். மாமனார் செத்ததும் சரிவை இரண்டாகப் பிரித்தார்கள். மேல்பாதி என் வீட்டுக்காரர் ராதிசாவுக்கு, கீழ்பாதி அவர் தம்பி விதோயேவுக்கு. நடுவில் ஒரு கம்பி வேலி. ராதிசாவ் போய் ஆறு வருஷமாகிறது. அன்றிலிருந்து வேலிக்கு மேல்பக்கம் நான், கீழ்பக்கம் அந்தச் சனியன்.

நான் மட்டும் புனிதவதி என்று சொல்ல வரவில்லை. நானும் மருந்து அடிக்கிறேன். அடிக்காவிட்டால் சிவந்த பழம் முழுக்க ஈ முட்டையிட்டு, தட்டிலேயே கொழகொழத்துப்போகும். ஆனால் அனுமதித்ததை அடிப்பேன், அடித்தபின் சொன்ன நாள் வரை பறிக்காமல் விடுவேன். விதோயே அடிப்பது எல்லைக்கு அப்பாலிருந்து டிராக்டர் இருக்கைக்குக் கீழே வருகிற சரக்கு. இங்கே தடை செய்து வருஷக்கணக்காகிறது. போத்தலில் இருக்கும் லேபிளைக் கிழித்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பான். போன மாதம் அவன் தோட்டத்துக்குக் கீழே ஓடையில் அப்படி ஒரு போத்தல் பாதி லேபிளோடு மிதந்தது. புகார் கொடுக்கிற அன்றைக்கு உதவும் என்று என் கொட்டகையில் துணி சுற்றி வைத்திருந்தேன்.

எங்கள் ஊரில் எந்தத் தோட்டத்திலும் ஒரு வரிசைக்கு மட்டும் யாரும் மருந்து அடிப்பதில்லை. அது வீட்டு வரிசை. பிள்ளைகள் தின்பதற்கும், விருந்தாளிக்கு ஒரு கரண்டியும் ஒரு தம்ளர் தண்ணீரும் வைத்துக் கொடுக்கிற பழப்பாகுக்கும் அதிலிருந்துதான் பறிப்போம். ஒரே வரிசையை வருஷா வருஷம் சும்மா விட்டால் பூச்சி குடியேறிவிடும். அதனால் ஆண்டுக்கொரு வரிசையாக மாற்றுவோம். இந்த வருஷம் எது என்று தெரிய முனைக் கம்பத்தில் சிவப்புக் கம்பளி நூல் கட்டிவைப்போம். பேசத் தொடங்கிய பிள்ளைக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது, நூல் இருக்கிற வரிசையில் மட்டும் தின்னு என்பதைத்தான்.

நூலுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. பழம் வாங்குகிற குளிர்கிடங்கிலிருந்து பொகோல்யூப் என்று ஒருவர் மாதிரி எடுக்க வருவார். அவர் எடுத்துப்போகிற பழத்தைச் சோதனைக்கூடத்தில் அரைத்து, மருந்து மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். தோட்டக்காரர் கூட நடக்கக் கூடாது என்பது விதி. கூட நடக்க அவசியமும் இல்லை. மனிதர் தொப்பையைத் தூக்கிக்கொண்டு நேராக நூல் கட்டிய வரிசைக்குப் போவார். வாய்க்கு நாலு, பைக்கு நாலு. மாதிரி பளிங்குபோல வரும், மற்ற வரிசையெல்லாம் லாரி ஏறிவிடும். இப்படித்தான் இந்த மலை மொத்தமும் பாஸ் ஆகிறது.

போன வருஷம் எனக்கு ராங்கி. "நூல் கீல் எல்லாம் பாக்க வேணாம், எந்த வரிசையில வேணும்னாலும் எடு" என்று பொகோல்யூபிடம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே வேலியோர வரிசையில் எடுத்தார். விதோயே அடித்ததெல்லாம் காற்றில் வந்து அந்த வரிசையில்தான் படிந்திருந்தது. என் பழத்தில் நான் பெயர்கூடக் கேட்டிராத விஷம் இருப்பதாகத் தாள் வந்தது. குழந்தைகள் உணவுக்குப் பழம் கொடுக்கிற தோட்டங்களின் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிட்டார்கள். ராதிசாவ் பன்னிரண்டு வருஷம் பாடுபட்டு ஏறிய பட்டியல் அது. இந்த வருஷம் இன்னொரு முறை சோதிப்பார்கள். இதிலும் தோற்றால் ஆயுளுக்கும் கிடையாது.

அந்தத் தாள் வந்த வாரம் கடைவாசலில் பத்துப் பேர் முன்னால் விதோயே கேட்டான்: "என்ன அண்ணியாரே, உங்க பழத்தைக் கொழந்தைக்குக் குடுத்தா கொழந்தை செத்துப்போகுமாமே?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் ஒரு வருஷம் வயிற்றில் வைத்திருந்தேன்.

இந்த ஜூலையில் திங்கட்கிழமை இரண்டு தோட்டத்திலும் மாதிரி எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் ஞாயிறு விடியலில் கீழே மோட்டார் சத்தம். முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு, மூக்கில் துணிகூட இல்லாமல், உதட்டில் சிகரெட்டோடு வரிசை வரிசையாக நடக்கிறான். அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"டேய் விதோயே! இன்னிக்கு ஞாயித்துக்கெழமைடா. சாமியே ஓய்வெடுத்த நாளு!"

"சாமி ராஸ்பெர்ரி போடல அண்ணி. போட்டிருந்தா அவரும் அடிச்சிருப்பாரு."

"நாளன்னிக்குப் பறிக்கப் போற. எத்தனை நாள் விடணும்னு அந்த போத்தல்ல போட்டிருக்கு?"

"போத்தல்ல ஒண்ணுமே போடலயே!" என்று சிரித்தான். "நீங்க ஏன் மூக்கைப் பொத்திக்கறீங்க? உங்க பக்கத்துக்கும் சேத்து ஓசியில அடிச்சு விடறேன். நன்றி சொல்லிட்டுப் போங்க."

பூண்டு அழுகினாற்போல ஒரு நாற்றம் வேலியைத் தாண்டி வந்தது. என் வேலியோர வரிசையின் இலைகள் பளபளவென்று நனைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு கல் கிடைத்திருந்தால் எறிந்திருப்பேன்.

அன்று மாவுமில் கிழவர் செத்து நாற்பதாம் நாள். ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. விதோயேவும் சட்டை மாற்றிக்கொண்டு பெண்டாட்டியோடு போனான். தலைவலி என்று சொல்லிவிட்டு நான் போகவில்லை. அவன் கார் திருப்பத்தில் மறைந்ததும் வேலியில் கம்பி தளர்ந்த இடத்தில் நுழைந்து இறங்கினேன்.

அவன் நூல் இரண்டாவது வரிசையில் இருந்தது. மழையில் முடிச்சு இறுகிப்போய்க் கைக்கு வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தேன். ஏழாவது வரிசைக்குக் கொண்டுபோனேன். அங்கே மருந்து இன்னும் இலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. முனைக் கம்பத்தில் அதே உயரத்தில், அதே மாதிரி இரட்டை முடிச்சுப் போட்டேன். நாளைக்குப் பொகோல்யூப் தொப்பையைத் தூக்கிக்கொண்டு நேராக இங்கே வருவார். எடுப்பார். கொண்டுபோவார். அடுத்த வாரம் கடைவாசலில் யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்கிறேன். திரும்பி மேலே ஏறும்போது, ராதிசாவ் போனபிறகு முதல்முறையாகப் பாட்டு முணுமுணுத்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மணிக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். விதோயே கூட்டாளிகளோடு வீட்டுக்குப் பின்னால் பிளம் மரத்தடியில் சாராயப் புட்டியோடு உட்கார்ந்துவிட்டான். நான் மேலே வேலியோரம் சாய்ந்த தண்டுகளைக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தேன். நாலு மணி இருக்கும், வாசலில் வெளியூர்க் கார் வந்து நின்றது.

"பெரியம்மா!"

விதோயேவின் மகள் யெலிட்சா. வியன்னாவில் கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். புதன்கிழமைதான் வருவாள் என்று சொல்லியிருந்தார்கள்.

"முன்னாடியே லீவு குடுத்துட்டாங்க பெரியம்மா! எப்படி இருக்கீங்க? எங்கப்பாகூட இன்னும் சண்டைதானா?"

"சண்டைக்கு என்ன கொறச்சல். நீ எப்படிடி இருக்க?"

"பெட்டியை எறக்கிட்டு வரேன். டூன்யா, ஓடு, போய்த் தின்னு! அம்மா சொல்லிக் குடுத்தது ஞாபகம் இருக்குல்ல?"

அவள் ஐந்து வயது மகள் டூன்யா கையில் ஒரு எனாமல் குவளையோடு இறங்கி ஓடினாள். முதல் கம்பத்தைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய் ஏழாவதில் நின்று, நூலை விரலால் தொட்டுவிட்டு உள்ளே நுழைந்தாள்.

நான் வாயைத் திறந்தேன். கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. கத்தினால், நூல் இடம் மாறியது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். விதோயே எழுந்து வந்து நூலைத் திரும்ப மாற்றுவான். நாளைக்கு மாதிரி சுத்தமாக வரும். குழந்தை எவ்வளவு தின்றுவிடும், இரண்டு பழம், மூன்று பழம் என்று என் மனசு கணக்குச் சொல்லியது. இலைகளுக்கு நடுவே அந்த மஞ்சள் தொப்பி மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஒரு குவளை நிறைகிற நேரம்.

அப்புறம்தான் ஓடினேன். வேலிக் கம்பியில் பாவாடை கிழிந்தது. முழங்கால் கிழிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது குவளையில் ஒரே ஒரு பழம் கிடந்தது. வாயைச் சுற்றிச் சிவப்பு, சட்டைக் கை இரண்டும் மருந்து ஒட்டி நாறின. குவளையைப் பிடுங்கினேன். குழந்தை பயந்துபோய், தப்பு செய்யவில்லை என்று காட்டுவதற்காகக் கம்பத்தைக் கைநீட்டியது.

"நூல் இருக்கே" என்றது.

தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். "சட்டையைக் கழட்டு, சோப்புப் போட்டுக் கழுவு, அது மருந்தடிச்ச வரிசை!" என்று கத்தினேன். "நூல் இருந்துச்சே பெரியம்மா!" என்று யெலிட்சாவும் அதையே சொன்னாள். தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருக்கும்போதே குழந்தைக்கு எச்சில் ஒழுக ஆரம்பித்தது. பிறகு வாந்தி. பிறகு கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. விதோயேவின் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு பறந்தார்கள். நான் கொட்டகைக்கு ஓடித் துணிச்சுருளை எடுத்துக்கொண்டு, ராதிசாவின் பழைய காரைக் கிளப்பிப் பின்னாலேயே போனேன்.

ஆஸ்பத்திரியில் நான் நுழைந்தபோது விதோயே டாக்டரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"வெறும் பழம்தான் டாக்டர். வீட்டு வரிசைப் பழம். எதுவும் அடிக்கிறதில்ல."

"கண்மணி ஊசிமுனையா சுருங்கியிருக்கு. எச்சி நிக்காம ஊத்துது. எதுவும் அடிக்காமலா?"

"வண்டியில வந்தது ஒத்துக்கல போல."

"ஐயா, மொதல் மருந்தை ஏத்திட்டேன். என்ன அடிச்சீங்கன்னு தெரிஞ்சாத்தான் அடுத்ததைத் தைரியமா குடுக்க முடியும். உங்க பேத்திதானே அது?"

தடை செய்த சரக்கு, போலீஸ் வரும், தோட்டம் போகும். அவன் முகத்தில் அத்தனையும் ஓடுவது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியாதா, கொஞ்ச நேரம் முன்னால் என் முகமும் அப்படித்தானே இருந்திருக்கும். துணியைப் பிரித்துப் போத்தலை மேஜையில் வைத்தேன். டாக்டரம்மா பாதி லேபிளைப் படித்தார். எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தார். நர்ஸிடம் ஏதோ ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினார்.

எட்டு மணிக்கு, குழந்தை பிழைத்துக்கொண்டது என்று வந்து சொன்னார்கள். யெலிட்சா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. அது முடிவதற்குள் விதோயே என் முன்னால் வந்து நின்றான்.

"நூலை மாத்தினது நீதானே?"

அண்ணி போய்விட்டது, நீங்க போய்விட்டது.

"நான்தான்."

"தெரியும்டி எனக்கு. உன் பேய்ப்புத்தி வேற யாருக்கு வரும்? இதோ பாரு!" என்று போனை எடுத்து என் மூக்கருகே நீட்டினான். ஏழாவது கம்பம், அதில் நூல், பக்கத்தில் ஈர மண்ணில் என் காலணித் தடம்கூடத் தெளிவாக விழுந்திருந்தது. "ரெண்டு மணிக்கே பாத்துட்டேன். படமும் எடுத்து வெச்சுட்டேன். நாளைக்கு பொகோல்யூப் வர்றப்ப ஊரைக் கூட்டி, உன் மூஞ்சியில கரி பூசலாம்னு அப்படியே விட்டு வெச்சேன்!"

தரையில் உட்கார்ந்திருந்த யெலிட்சா தலையைத் தூக்கினாள்.

"ரெண்டு மணிக்கா?"

விதோயே அப்போதுதான் தான் சொன்னதைத் தானே கேட்டான்.

"நான் வந்தது நாலு மணிக்குப்பா."

"நீ புதன்கெழமை வர்றதா..."

"ரெண்டு மணி நேரம் அந்த நூல் அங்க இருந்திருக்கு. அவுக்க எவ்வளவு நேரமாகும்பா?"

நான் சும்மா இருந்திருந்தால் பழி மொத்தமும் அவன் தலையில் இறங்கியிருக்கும். ஒரு வருஷமாக நான் கேட்டதும் அதுதான். ஆனால் அந்தக் குழந்தை கம்பத்தைக் காட்டின கை என் கண்ணிலேயே நின்றது.

"கொழந்தை உள்ள போறதை நான் பாத்தேன்" என்றேன். "பாத்துட்டும் உடனே கத்தல. கொஞ்ச நேரம் நின்னேன்."

யெலிட்சா என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டாள். குரல் ரொம்பத் தாழ்வாக இருந்தது.

"வியன்னாவுல குளிர்காலத்துல அவளுக்கு ராஸ்பெர்ரிதான் வேணும். நான் வேலை பாக்கிற கடையிலயே உறையவெச்ச பொட்டலம் விக்குது. அட்டையில நம்ம ஊர் பேரு போட்டிருக்கும். நம்ம ஊர்ப் பழம்னு பெருமையா வாங்கிக் குடுப்பேன். தினம் ஒரு கிண்ணம்." நிறுத்தி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "அந்தப் பொட்டலமெல்லாம் எந்த வரிசைப்பா? எந்த வரிசை, பெரியம்மா?"

முப்பது வருஷம் நூல் கட்டியிருக்கிறேன். இந்தக் கேள்வியை ஒருநாளும் நான் கேட்டுக்கொண்டதில்லை. கதவைத் திறந்து அவள் உள்ளே போய்விட்டாள். நானும் விதோயேவும் ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பொகோல்யூப் வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. விதோயே ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்து, கசங்கிய சட்டையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். யாரும் தொடாமல் நூல் ஏழாவது கம்பத்திலேயே இருந்தது.

"என்னங்க, ரெண்டு வீட்டுலயும் மூஞ்சி தொங்குது? காப்பிகூடக் கெடையாதா?" என்று சிரித்துக்கொண்டே பொகோல்யூப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். கம்பங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஏழாவதில் திரும்பினார். நான் விதோயேவைப் பார்த்தேன். "அது இல்லங்க, ரெண்டாவது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தோட்டம் தப்பிக்கும். அவன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

பொகோல்யூப் கைநிறையப் பறித்தார். வழக்கம்போல முதலில் வாய்க்கு. கையை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

"தின்னாதே!"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவனும் இந்தப் பக்கமிருந்து நானும் ஒரே சமயத்தில் கத்தினோம். ஆறு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அது.

மனிதர் கை அப்படியே நின்றது. நூலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். நாளைக்கு லாரி ஏற்றுவதற்காக வாசலில் அடுக்கி வைத்திருந்த காலித் தட்டுகளைப் பார்த்தார். அந்தச் சிவந்த முகம் வெளுத்துப்போனது.

"பின்ன இதை நான் எங்க கொண்டுபோறது?" என்றார்.

"பையில போடுங்க" என்றான் விதோயே. "போட்டு ஒட்டுங்க. எம்பேரை எழுதுங்க."

அவர் ஒட்டினார், எழுதினார். கையைக் கால்சட்டையில் இரண்டு மூன்று முறை துடைத்துக்கொண்டார். பிறகு வேலியைச் சுற்றி என் பக்கம் ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. குரலில் சிரிப்பில்லை.

"உங்க நூல் எங்கம்மா?"

காலையில் வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை அதை அவிழ்த்து அடுப்பில் போட்டதுதான்.

"நூல் இல்லங்க" என்றேன். "வாங்க, வேலியோர வரிசையில எடுங்க."

நேற்று விடியலில் நனைந்த இலைகள் இன்னும் நாறிக்கொண்டிருந்தன. அவருக்கு முன்னால் நடந்துபோய் வழி காட்டினேன்.